பத்தொன்பதாவது விரல்

“உங்களுக்கு யாரையாவது திட்டத் தெரியுமாம்மா?” என்று மேற்பார்வையாளர் பால்வண்ணநாதன் சார் ஒருமுறை மாரிச்செல்வியிடம் கேட்டார்.

தாலுகா அலுவலகக் கூட்டத்தில், நாற்பது பேருக்கு முன்னால் கேட்டார். மாரிச்செல்வி எழுந்து நின்று, கொஞ்சம் யோசித்துப் பார்த்து, “தெரியாது சார்” என்று உண்மையைச் சொன்னாள். மின்விசிறி சுற்றும் சத்தத்தையும் மீறி எல்லோரும் சிரித்தார்கள்.

குத்துக்கல்வலசை அங்கன்வாடிக்கு அவள் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. முந்தைய டீச்சர் ஓய்வு பெற்றுப் போகும்போது அங்கன்வாடிச் சாவியோடும் உடைந்த தராசோடும் ஊரின் வாக்காளர் பட்டியலையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பட்டியலைச் சரிபார்ப்பது, சீட்டுக் கொடுப்பது, தேர்தல் நாளில் வாசலில் உட்கார்ந்து வழிகாட்டுவது எல்லாம் இனி மாரிச்செல்வியின் வேலை.

“போன தேர்தலில் உங்க பூத்துல பதினெட்டு வயசுல இருந்து இருபத்தொண்ணு வரைக்கும் உள்ளவங்க நாலுல ஒருத்தர்தான் ஓட்டுப் போட்டிருக்காங்க. இந்தத் தடவை நூத்துக்கு அறுபது வரணும். வரலைன்னா மெமோ. கெஞ்சினா இந்தக் காலத்துப் பயலுக வரமாட்டானுக. திட்டணும்” என்றார் சார்.

மெமோ வாங்க மாரிச்செல்விக்குக் கட்டுப்படியாகாது. அவள் வீடு பண்பொழியில். தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறாள். கணவன் புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். நான்கு வயது மகள் பகல் முழுவதும் பக்கத்து வீட்டு ஜாஹிரா பீவியிடம்தான் இருக்கிறாள். சமீபமாக அவள் ஜாஹிரா பீவியை “அம்மா” என்றும், மாரிச்செல்வியை “டீச்சர்” என்றும் கூப்பிடத் தொடங்கியிருந்தாள். மே மாதம் பண்பொழி அங்கன்வாடியில் ஓர் இடம் காலியாகிறது. மெமோ வாங்காதவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

பட்டியலில் அந்த வயதில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். பத்தொன்பது பேர் வந்தால் அறுபது சதவீதம்.

தேர்தல் அன்று காலை ஏழு மணிக்கே அவள் பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேச அவளுக்குக் கூச்சம். அதனால் வந்தவர்களின் முகம் அவளுக்குத் தெரியாது. கைகள்தான் தெரியும். உள்ளே போகும்போது வெறும் விரல், வெளியே வரும்போது மை வைத்த விரல்.

இளசுகளை வரவைக்க அவள் பட்ட பாடு தனி. ஒரு பெண் நகப்பூச்சு கெட்டுவிடும் என்று திரும்பப் போகப் பார்த்தாள். அடுத்த வாரம் நிச்சயதார்த்தமாம், போட்டோவில் மை தெரியுமாம். “வலது கையை மேல வச்சுக்கம்மா” என்று மாரிச்செல்வி யோசனை சொன்னாள். ஒரு பையன், “எனக்குப் பிடிச்ச ஆள் யாருமே நிக்கலையே டீச்சர்” என்றான். “அதுக்கும் ஒரு பட்டன் இருக்கு தம்பி” என்று அதிகாரிகளுக்குக் கேட்காமல் சொல்லி அனுப்பினாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்ற நான்கு பையன்களிடம் அவளே போய்க் கெஞ்சினாள். அவர்களில் உயரமானவன் மட்டும் ஒரு கேள்வி கேட்டான்.

“ஓட்டுப் போட்டா இந்தக் கல் லாரி நிக்குமா டீச்சர்?”

ரோட்டில் மலையாளப் பக்கம் கல் ஏற்றிப் போகும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. புழுதி எல்லோர் தலையிலும் விழுந்தது.

“அது எனக்குத் தெரியாது தம்பி” என்றாள் அவள்.

“எங்களுக்குத் தெரியும்” என்றான் அவன். ஆனாலும் நால்வரும் வந்து ஓட்டுப் போட்டார்கள். பரிதாபப்பட்டுத்தான் வந்தார்கள் என்று அவளுக்கே தெரிந்தது.

மதியம் இரண்டு மணிக்கு எண்ணிப் பார்த்தாள். பதினெட்டு பேர் வந்தாயிற்று. பன்னிரண்டு பேர் திருப்பூரிலும் பெங்களூரிலும் கொச்சியிலும் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவன், “டிக்கெட் போட்டுக் குடுங்க டீச்சர், உடனே வாரேன்” என்று பதில் அனுப்பியிருந்தான்.

உள்ளூரில் மிச்சம் ஒரே ஒருவன். ஜெனோ. வயது இருபது. தகப்பனார் பெயர் ஸ்டான்லி.

இந்த ஜெனோ மேல் அவளுக்கு ஏற்கெனவே வருத்தம். விண்ணப்பத்தில் இருந்த அவன் எண்ணுக்கு ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். ‘தாங்கள் தவறாது வாக்களிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முதலில் எழுதி அனுப்பினாள். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பிறகு பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். அனுப்பிய மறுநொடியே கேட்டுவிடுகிறான். ஆனால் பதில் கிடையாது. ஒரே ஒரு முறை மட்டும், ஏதோ கை பட்டதுபோல, ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவனுடைய முகப்புப் படத்தில் ஆள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பைக்கில் சாய்ந்து நின்றான்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் உலகம்மை, தேர்தல் அதிகாரிகளுக்காகக் கொண்டுவந்த தேநீரில் அவளுக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள்.

“என்ன டீச்சர், மூஞ்சி செத்துப்போய்க் கிடக்கு?”

“ஒரே ஒருத்தன் வரணும்க்கா. வீட்டுல போயிப் பிடிச்சுட்டு வந்துருதேன். அஞ்சு நிமிசம் இந்த நாற்காலியைப் பாத்துக்கிடுவீங்களா?”

“நாற்காலி எங்க ஓடப்போகுது? போயிட்டு வாங்க.”

ஜெனோவின் வீடு சர்ச் தெருவின் கடைசியில் இருந்தது. கேட்டைத் தட்டியதும் அவன் அம்மா கிறிஸ்டி வந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. கேட்டின் கம்பிகளுக்கு அந்தப் பக்கமே நின்றாள். அவள் விரலில் மை இருந்தது.

“அக்கா, ஜெனோ இன்னும் ஓட்டுப் போட வரலை. எழுப்பி விடுங்க” என்றாள் மாரிச்செல்வி.

கிறிஸ்டி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“குத்தாலத்துக்குக் குளிக்கப் போனான். அப்படியே கேரளா பார்டர்ல பரோட்டா தின்னுட்டு வாரேன்னு சொன்னான்.”

“அடையாள அட்டையாவது கொண்டுபோயிருக்கானா?”

கிறிஸ்டி உள்ளே போய் எடுத்து வந்தாள். தபாலில் வந்த உறைகூடக் கிழிக்கப்படாமல் இருந்தது. மாரிச்செல்விக்குப் பொறுக்கவில்லை.

“பாருங்கக்கா. கவரைக்கூடப் பிரிக்கலை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதுலதான் அக்கறை இருக்கு?”

“ஆமா டீச்சர். பிரிக்கலை” என்றாள் கிறிஸ்டி. உறையைத் திரும்ப வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நானே போய்க் கூட்டிட்டு வாரேன். குத்தாலம் இந்தா பக்கத்துலதான.”

“நிசமாவே தேடப் போறீங்களா?”

“வேற வழி இல்லக்கா. எம்பொழப்பு அவன் விரல்லதான் இருக்கு.”

“இருங்க, ஆட்டோ வரச் சொல்லுதேன்” என்றாள் கிறிஸ்டி. அவள் குரல் சற்று மாறியிருந்தது. “அவனை நல்லாத் திட்டுங்க டீச்சர். போனுலயும் திட்டுங்க. பணிவன்பு எல்லாம் அவனுக்கு எதுக்கு?”

தெரு முனையிலிருந்து ஓர் ஆட்டோ வந்தது. ஓட்டியவருக்கு ஐம்பது வயது இருக்கும், காக்கிச் சட்டை, நரைத்த மீசை. எங்கே போக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டருகே நின்ற கிறிஸ்டியை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் இல்லை. சித்திரை வெயிலில் பாறை காய்ந்துகொண்டிருந்தது. பாறையின் ஓர் ஓரத்தில், யாரோ குழாயை மூட மறந்ததுபோல ஒரு சொட்டு வழிந்தது. அதன் கீழே ஒரு குரங்கு குளித்துக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. அல்வாக் கடைகளில் பாதி பூட்டிக் கிடந்தன.

மாரிச்செல்வி சிறிது நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும் வழியில் தினமும் மலையைப் பார்க்கிறாள். அருவியில் தண்ணீர் இருக்காது என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தன்னையே திட்டிக்கொள்ள வேண்டிய இடம் அது. ஆனால் தன்னைத் திட்டிக்கொண்டது போதும் போதும் என்று இருந்தது. போனை எடுத்தாள்.

“ஏலே ஜெனோ. குத்தாலத்துல சொட்டுத் தண்ணி இல்லலே. எங்கலே குளிச்ச? யாரை ஏமாத்துத நீ? பெத்தவளுக்குப் பொய் சொல்லிட்டுப் போறதுக்கா அவ உன்னை வளர்த்தா?”

பேசிப் பதிவானதை அப்படியே அனுப்பினாள். நெஞ்சுக்குள் நாள்பட்ட அடைப்பு ஒன்று விட்டுப்போனதுபோல இருந்தது. இத்தனை வருடம் இது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள். இரண்டு டிக்கும் உடனே நீலமாயின.

“கேட்டுட்டான், பாத்தீங்களா அண்ணாச்சி? கேட்டுட்டுப் பேசாம இருக்கான். கொழுப்பு” என்றாள் ஆட்டோக்காரரிடம்.

“நல்லாத் திட்டுதீங்க டீச்சர்” என்றார் அவர். அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அப்போது பால்வண்ணநாதன் சார் கூப்பிட்டார்.

“எங்கம்மா இருக்கீங்க? உங்க பூத்துக்கு வந்திருக்கேன். உங்க நாற்காலியில ஒரு அம்மா உக்காந்து கத்திரிக்காய் நறுக்கிட்டு இருக்காங்க.”

“சார், அவங்க ராத்திரிச் சாப்பாட்டுக்கு…”

“ஓட்டர் லிஸ்டு மேல வச்சு நறுக்குதாங்கம்மா.”

“சார், ஒரு பையனைத் தேடிக் குத்தாலத்துக்கு…”

“குத்தாலமா? எலக்‌ஷன் டூட்டியில குளிக்கப் போனீங்களா? மெமோ டைப் பண்ணச் சொல்லிட்டேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “ஆறு மணிக்குள்ள அந்தப் பையனோட வந்து நில்லுங்க. கிழிச்சுப் போடுதேன். அவன் இல்லாம வராதீங்க” என்று வைத்துவிட்டார்.

மணி மூன்றரை.

“பார்டருக்குப் போங்க அண்ணாச்சி” என்றாள். “பரோட்டாக் கடையில இருப்பான்.”

செங்கோட்டை ரோட்டில் கல் லாரிகள் வரிசையாக நின்றன. ஆட்டோ ஊர்ந்தது. நகர்ந்த இடத்திலெல்லாம் அவள் ஜெனோவைத் திட்டினாள். திட்டத் திட்ட வார்த்தை நன்றாக வந்தது. அவனுக்கென்று ஆரம்பித்தது, மேற்பார்வையாளருக்கும், புனலூரிலிருந்து போன் பண்ணாத கணவனுக்கும், முட்டையை எறிந்து விளையாடும் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அவன் தலையிலேயே விழுந்தது.

“எம்பிள்ளைக்கு நாலு வயசுலே. நான் அவளைக்கூட இப்படித் தேடி அலைஞ்சதில்ல. நீ யாருலே எனக்கு? ஊரு முழுக்க உன் போட்டோவைத் தூக்கிட்டுச் சுத்துதேன்.”

நீல டிக்.

ஆட்டோக்காரரின் போன் அடித்தது. அவர் எடுத்து, “ம்” என்றார். “ம். கேட்டேன். நானும் கூடத்தான இருக்கேன். சத்தமாத்தான் சொல்லுதாங்க. ம், நீயும் கேளு.” வைத்துவிட்டார்.

“வீட்டுலயா அண்ணாச்சி?”

“ஆமா டீச்சர். தனியா இருக்கா.”

“பிள்ளைங்க?”

முன்னால் நின்ற லாரி பெரிதாக ஹாரன் அடித்தது. அவர் பதில் அவள் காதில் விழவில்லை.

ஒரு புளியமரத்துப் பக்கம், பாலத்துக்குச் சற்று முன்னால், ஆட்டோ நின்றுவிட்டது. ரோடு அங்கே காலியாகத்தான் இருந்தது.

“என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“இஞ்சின் சூடாயிட்டு. ரெண்டு நிமிசம்.”

அவர் இறங்கிப் போய் மரத்தடியில் நின்றார். இஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி நான்கு இருபது. மாரிச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவ்வளவு பெரியவரை நேரில் திட்ட அவளுக்கு இன்னும் வரவில்லை. அதையும் ஜெனோவுக்கே அனுப்பினாள்.

“உன்னால ஒரு வயசான மனுசன் வெயில்ல நிக்காருலே. உங்க அம்மைகிட்ட ஒழுங்கா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா இத்தனை பேருக்கு இந்தப் பாடு உண்டுமா? எங்க இருந்தாலும் வீட்டுக்கு வந்து சேருலே.”

ஆட்டோக்காரர் திரும்பி வந்தார். இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

“அந்தக் கடைசியில சொன்னதை இன்னொரு தடவை போடுதீங்களா டீச்சர்?”

“எது?”

“வீட்டுக்கு வந்து சேருன்னீங்கள்லா. அது.”

அவள் போட்டுக் காட்டினாள். அவர் முழுவதும் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். இஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்தது.

பார்டரில் ஒரு பரோட்டாக் கடையில் பரீது என்ற மாஸ்டர் கல்லில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். மாரிச்செல்வி போனில் இருந்த ஜெனோவின் படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அன்று காலை இருந்த மாரிச்செல்வி அப்படி நீட்டியிருக்க மாட்டாள்.

“இந்தப் பையன் இங்கன வந்தானா?”

பரீது படத்தைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற ஆட்டோக்காரரைப் பார்த்தார். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். ஆட்டோக்காரர் மெல்லத் தலையை அசைப்பதை மாரிச்செல்வி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள்.

“இன்னைக்கு… வரலைம்மா” என்றார் பரீது.

“மறைக்காதீங்க. எல்லாரும் சேந்துதான் அவனைக் கெடுக்கீங்க” என்றாள் மாரிச்செல்வி. கடையில் தின்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் வாழ்க்கையில் நேருக்கு நேராக ஒருவரைத் திட்டியது அதுதான் முதல் முறை.

பரீது இரண்டு தேநீர் கொடுத்தார். காசு கேட்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் ஜாஹிரா பீவியின் போனிலிருந்து மகள் பேசினாள். “டீச்சர், எப்ப வருவிய?” என்று கேட்டாள். மாரிச்செல்வி போனைக் கையால் மூடிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துவிட்டு, “ஆறு மணிக்கு மேல வாரேன்டா” என்றாள்.

“என்ன வயசு?” என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

“நாலு. மெமோ வந்துட்டா இன்னும் மூணு வருசம் இப்படித்தான் அண்ணாச்சி. அவ என்னை மறந்தே போயிருவா. எல்லாம் அந்த ஜெனோவால.”

“மறக்கமாட்டா டீச்சர்” என்றார் அவர். வெகு நேரம் கழித்து, “அவனால உங்களுக்குத் தொந்தரவு ஆயிட்டு. மன்னிச்சுக்கிடுங்க” என்றார்.

ஊரான் பிள்ளைக்காக இவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. நல்ல மனுசன்.

பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது ஆறடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. வரிசையில் யாரும் இல்லை. காவலர் கேட்டைச் சாத்தத் தயாராக நின்றார். மேசைமேல் ஒரு பழுப்பு உறை, அதன்மேல் பறக்காமல் இருக்க ஒரு முழுக் கத்திரிக்காய். நாற்காலியை உலகம்மை பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டீங்களா டீச்சர்? சார் வச்சுட்டுப் போனாரு. கேட்டா டீச்சர் பாவம்னு சொல்லத்தான் செஞ்சேன். அவரு கேக்கலை.”

மாரிச்செல்வி ஆட்டோவின் கம்பியைப் பிடித்தபடி இறங்கினாள். உறையைப் பிரிக்கவில்லை. நாள் முழுவதும் போனில் திட்டிப் பழகிய வாய் தானாகத் திறந்தது.

“எல்லாம் அந்த ஒரு பயலால வந்ததுக்கா. நாயா பேயா தேடிட்டு வாரேன். சொல்லச் சொல்ல வராம, கேட்டுக்கிட்டே பதில் சொல்லாம, அப்படி என்ன திமிரு அவனுக்கு? சர்ச் தெரு ஜெனோ.”

உலகம்மை நாற்காலியிலிருந்து எழுந்தாள். மாரிச்செல்வியைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“ஜெனோவா? அவன் புளியமரத்துப் பாலத்துக்கிட்ட லாரியில அடிபட்டுச் செத்து ரெண்டு வருசம் ஆச்சே டீச்சர். அவன் போனை அவங்க அம்மாதான் வச்சிருக்கா. இந்தா, அவங்க அப்பா ஆட்டோவுல இருந்துதான இறங்குதீங்க.”

மாரிச்செல்வி திரும்பினாள். ஸ்டான்லி அவளைப் பார்க்கவில்லை. மை வைத்த விரலோடு கைப்பிடியைத் திருப்பி, வாடகை வாங்காமல், சர்ச் தெருப் பக்கம் ஆட்டோவை ஓட்டிக்கொண்டு போனார்.